முதுகுக்குக் கேட்கிற ஆம்ப்ளிஃபயர்

கார் ஆம்ப்ளிஃபயர் என்பது, கெட்டுப் போகும்வரை வண்டியில் எந்த மூலையில் இருக்கிறது என்று வண்டிக்காரருக்கே தெரியாத ஒரு பெட்டி. சீட்டுக்கு அடியில், டிக்கிக்குள், ஸ்டெப்னிக்குப் பின்னால் என்று எங்கேயாவது கிடக்கும். அது பாடுகிறவரை பெயரெல்லாம் ஸ்பீக்கருக்கு. என்றைக்கு நிற்கிறதோ அன்றைக்குத்தான் தேடி எடுத்து, தூசியோடு ஒரு துண்டில் சுற்றி எங்கள் கடைக்குக் கொண்டுவருவார்கள்.

கடை தேனியில். முன்பக்கம் எங்கள் வீட்டுக்காரர் ஜெபராஜ் சீட் கவர், ஹாரன், கால் மேட் எல்லாம் விற்கிறார். ஒரு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் என் மேஜை. என் பெயர் கிரேஸ். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கல்யாணமாகி இந்தக் கடைக்கு வந்தவள். இருபது வருஷத்துக்கு மேலாகப் பழைய ஆம்ப்ளிஃபயர்களோடுதான் குடித்தனம். மிக்ஸியோ டிவியோ தையல் மெஷினோ, எதையாவது வீட்டில் திறந்து பார்த்துவிட்டு, மூடும்போது கையில் ஒரு ஸ்குரூ மிஞ்சிய அனுபவம் உங்களுக்கு உண்டென்றால் நீங்களும் எங்கள் கூட்டம்தான். உங்களிடம் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

போகாத பீஸு

ஆண்டிபட்டியிலிருந்து ஒரு வேன்காரர் வந்தார். வாசலில் நின்றபடியே, "ஆம்ப் பாக்குற அண்ணன் இருக்காகளா?" என்று கேட்டார். எங்கள் வீட்டுக்காரருக்கு இது பழகிப் போனது. "அண்ணன் சீட்டு கவர்தான் பாப்பாரு. ஆம்பெல்லாம் அக்கா பாப்பாக, உள்ள போங்க" என்று அனுப்பிவைத்தார். வேன்காரர் தயங்கித் தயங்கி வந்து, பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, நான் அதைத் தின்றுவிடுவேனோ என்பதுபோலப் பக்கத்திலேயே நின்றார்.

மூடியைத் திறந்ததும் கருகல் வாடை குப்பென்று வந்தது. கரண்ட் மிஞ்சினால் தானே அறுந்து செட்டைக் காப்பாற்றுகிற பீஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஆணி. தலையை வெட்டி, அளவாக ராவி, அழகாகப் பொருத்தியிருந்தார்கள். ஆணிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது காப்பாற்ற வேண்டிய மற்றதெல்லாம் எரிந்திருந்தது. நான் அந்த ஆணியை இடுக்கியில் எடுத்து அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "பீஸு அடிக்கடி போகுதுக்கா. அதான் போகாத மாதிரி ஒண்ணு போட்டுட்டேன்."

மூன்று பேர் கைவிட்டது

இனி சொல்லப்போவதுதான் நான் யாரிடம் பேசினாலும் கடைசியில் கொண்டுவந்து நிறுத்துகிற கதை. போடியில் ஜீப் ஓட்டுகிற மாயக்கண்ணன் ஒரு நாள் அரிசிச் சாக்கில் எதையோ சுமந்துகொண்டு வந்தார். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, சாயங்காலம் இறக்கிவிடுகிறவர். கூட அவர் மனைவி ஈஸ்வரி. ஈஸ்வரியும் தினமும் அதே ஜீப்பில் மேலே போய், தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரிக்கிறார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருக்குக் காது போய்விட்டது, பேச்சும் வராது. மதுரையில் தங்கிப் படித்தவர். போனில் அவர் தமிழ் டைப் செய்கிற வேகத்துக்கு நான் பேசவே முடியாது.

சாக்கைப் பிரித்தால் ஒரு கறுப்பு ஆம்ப்ளிஃபயர். முப்பது வருஷத்துக்குக் குறையாது. ஜீப்பின் பழைய முதலாளிக்கு வளைகுடாவிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்து கொடுத்ததாம். இரண்டு பக்கமும் அலுமினியச் சீப்பு போலப் பட்டை பட்டையாக நிற்க, அம்மிக்கல் கனம் கனத்தது. இந்தக் காலத்தில் இப்படி ஒன்றைச் செய்ய மாட்டார்கள். செய்தால் தூக்க ஆள் கிடைக்காது. ஏற்கெனவே மூன்று பேர் திறந்து பார்த்து, தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்களாம். "புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிப் பாத்தேன்க்கா. காதுக்குக் கேக்குது. இவ முதுகுக்குக் கேக்கல" என்றார் மாயக்கண்ணன்.

எனக்குப் புரியவில்லை. ஈஸ்வரி போனை எடுத்து மளமளவென்று எழுதி என்னிடம் நீட்டினார். ஜீப்பின் பின் இருக்கைக்குப் பின்னால் தாளத்தை இடிக்கிற பெரிய ஸ்பீக்கர்கள், ஊஃபர் பெட்டிகள், இரண்டு இருக்கின்றன. நடுவில் சாய்ந்து உட்கார்ந்தால் தாளம் முதுகில் விழும். புதுசுக்கு அந்த இடி வரவில்லை. குலுங்குகிற வண்டியில் மற்றவர்கள் பேசுவதை உதடு பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. அந்தத் தாளம் ஒன்றில்தான் அவரும் அவர்களோடு சேர்ந்து போவது. இதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார். "பாட்டு வந்தா எல்லாரும் தலையாட்டுவாக, நானும் ஆட்டுவேன், இப்ப எப்ப ஆட்டணும்னு தெரியலைக்கா."

வரைபடம்

பழைய ஆம்ப்ளிஃபயர்களுக்கு வருகிற நோய் பெரும்பாலும் ஒன்றுதான். உள்ளே இருக்கிற கண்டன்சர்கள் வயதானதும் ஒழுகும். மீன் வாடை அடிக்கிற அந்தத் தண்ணீர், போர்டின் மேல் இருக்கிற மெல்லிய செம்புக் கோடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். இதிலும் அதேதான். போதாததற்கு மலைப்பாதைச் செம்மண், ஏலக்காய்த் தோல், ஒரு கரப்பான் குடும்பம். ஸ்பிரிட்டில் முக்கிய பல் துலக்கும் பிரஷ்ஷால் மூன்று நாள் துலக்கினேன். என் பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு பொறுமையாகப் பல் துலக்கிவிட்டதில்லை.

இடது பக்கத்துக் கோடுகள் பாதிக்கு மேல் அழிந்திருந்தன. எது எங்கே போகிறது என்று காட்டும் படம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. பழைய காலண்டர் தாள்கள் நாலைந்தை ஒட்டி, அவற்றின் பின்பக்கத்தில் நானே வரைய ஆரம்பித்தேன். வலது பக்கம் நல்லபடியாக இருந்ததால் அதைப் பார்த்து இடது பக்கத்தை ஊகித்தேன். சிவப்பில் கரண்ட் வருகிற வழி, நீலத்தில் பாட்டு போகிற வழி. பத்து நாளில் படம் முடிந்தது. தடுப்புப் பலகையில் ஒட்டிவைத்துவிட்டு, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா?

சீட் கவர் வாங்க வந்த அனுமந்தன்பட்டி விவசாயி ஒருவர் அதன் முன்னால் போய் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், வெகுநேரம் பார்த்தார். கடைசியில் ஒரு ரசிகர் கிடைத்துவிட்டார் என்று நான் எழுந்து பக்கத்தில் போனேன். அவர் நீலக்கோடு ஒன்றின் மேல் விரலை வைத்துக் கேட்டார். "இதுல நம்ம அனுமந்தன்பட்டி எங்கனம்மா இருக்கு?"

புல்லாங்குழல்

இதற்கு நடுவில் கம்பத்துத் திராட்சை வியாபாரி ஒருவரின் கார் வந்தது. பேட்டரி ஒயர் மாற்ற வந்தவர். பாட்டைப் போட்டு எஞ்சினை முறுக்கினால் பாட்டுக்குப் பின்னால் கீச்சென்று ஒரு மெல்லிய சத்தம், வேகத்துக்கு ஏற்றபடி ஏறி இறங்கியது. எர்த் ஒயர் சரியான இடத்தில் இல்லாவிட்டால் எஞ்சின் இப்படிப் பாட்டுக்குள் புகுந்துகொள்ளும். அவர் கேட்காமலே, என் மனசுக்காக, துருவைச் சுரண்டி எர்த்தை ஒழுங்காக இறுக்கிக் கொடுத்தேன். சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. பெருமையோடு அனுப்பிவைத்தேன். மறுநாள் மெனக்கெட்டுத் திரும்பி வந்தார். "அந்தப் பாட்டுல ஒரு புல்லாங்குழல் வரும்லக்கா, அதை எங்கன கழட்டி வச்சீக?"

உள்ளே வேறு ஆள்

ஈஸ்வரியின் ஆம்ப்ளிஃபயருக்கு வருவோம். தின்று போன கோடுகளுக்குப் பதிலாக மெல்லிய செம்புக் கம்பி இழுத்தேன். கண்டன்சர்கள் எல்லாம் புதிது. இடது பக்கத்தில் ஸ்பீக்கரைத் தள்ளுகிற பெரிய டிரான்சிஸ்டர்கள் நாலும் செத்திருந்தன. அந்த நம்பரை இப்போது யாரும் செய்வதில்லை. வெளியூர் வியாபாரி ஒருவர் இருக்கிறதென்று சொல்லி அனுப்பினார். பார்க்கப் புத்தம் புதிதாக, எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தன. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பழைய செட்டுக்கு முதல்முதலாகக் கரண்ட் கொடுக்கும்போது நான் நடுவில் ஒரு பல்பை மாட்டிவிடுவேன். எல்லாம் சரியென்றால் பல்பு ஒரு முறை மினுக்கிவிட்டு மங்கிவிடும். தப்பென்றால் முழுசாக எரியும். ஆனால் செட் எரியாது. அன்றைக்கு மங்கிய பல்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, பாட்டைக் கொடுத்து, சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். பட் என்று ஒரு சத்தம். பல்பு பளீரென்று எரிந்தது. இவ்வளவு நாள் துலக்கி, வரைந்து, இழுத்ததெல்லாம் போச்சு என்று நினைத்தேன். அணைத்துவிட்டுப் பார்த்தால் பல்பு மற்றதையெல்லாம் காப்பாற்றியிருந்தது. போனது புது டிரான்சிஸ்டர்கள் மட்டும்.

அதில் ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவு சில்லு இருக்க வேண்டிய இடத்தில் கடுகளவு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு சின்ன டிரான்சிஸ்டருக்குப் பெரிய சட்டை போட்டு, மேலே நம்பர் அடித்திருக்கிறார்கள். வியாபாரிக்குப் போட்டோ அனுப்பி, போன் பண்ணி, வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் ரொம்ப நிதானமாகப் பதில் சொன்னார். "நம்பரு சரியாத்தானக்கா போட்டிருக்கு? உள்ள யாரு இருக்கான்னு நான் எப்பிடிக்கா பாக்குறது?"

பொய் வரவில்லை

குமுளியில் தங்கச்சன் என்று ஒருவர் இருக்கிறார். என்னைப் போலவே பழைய ஆம்ப்ளிஃபயர் பைத்தியம். அவரிடம் இதே காலத்துச் செட் ஒன்று, போர்டு உடைந்து, ஆனால் டிரான்சிஸ்டர்கள் உயிரோடு கிடக்கிறதென்று கேள்விப்பட்டிருந்தேன். போனில் கேட்டால் இல்லை என்றுவிடுவார் என்பதும் கேள்விப்பட்டிருந்தேன். அதனால் போன் பண்ணவில்லை. ஈஸ்வரியின் போர்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கம்பம் போய், பஸ் மாறி, மலை ஏறினேன். வளைவுக்கு வளைவு அதை நான் அணைத்துப் பிடித்ததைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரம்மா, "பலகாரமா?" என்று கேட்டார்.

தங்கச்சன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் இழுத்திருந்த செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். அவை பழைய கோடு போன வழியிலேயே, அதே வளைவில் வளைந்து போகும். குறுக்கு வழியில் இழுத்தாலும் வேலை செய்யும், ஆனால் எனக்கு மனசு வராது. தடவி முடித்ததும் அவர் எழுந்தார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். பஞ்சில் வைத்த நாலு டிரான்சிஸ்டர்கள். இத்தனை வருஷத்தில் என் வேலைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை என்பதால் அவர் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னதை அப்படியே தருகிறேன். "ஒருபாடு பேரு கேட்டாச்சு சேச்சி, எல்லார்கிட்டயும் இல்லைன்னு பொய் பறஞ்சு. இந்தப் போர்டைக் கண்ட பின்னே பொய் வரல்லே."

சண்டை

டிரான்சிஸ்டர்களைப் பொருத்தினேன். பல்பு மினுக்கி, மங்கி, மங்கியபடியே இருந்தது. ஒரு ஸ்பீக்கரை இடது பக்கம் மாட்டினேன். பாடியது. அதையே கழற்றி வலது பக்கம் மாட்டினேன். பாடியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் கடையில் ஆள் இருப்பதையும் மறந்து கைதட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும், மாயக்கண்ணனும் ஈஸ்வரியும் ஜீப்போடு வந்தார்கள். மாட்டினோம். கடைக் கண்ணாடி அதிர்ந்தது. மாயக்கண்ணன் ஸ்டியரிங்கைக் குத்திக் குத்திச் சிரித்தார். ஈஸ்வரி பின்னால் ஏறி, தன் இடத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். பிறகு திறந்து, இல்லை என்று தலையசைத்தார். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் என் காதருகே, "அந்தப் பிள்ளைக்கு என்னக்கா தெரியும், நமக்குத்தான கேக்குது?" என்றார். எனக்கும் உள்ளூர எரிச்சல்தான். இத்தனை பாடுபட்டவள் நான். இல்லையென்று தலையாட்டுகிறாரே என்று.

ஈஸ்வரி இறங்கி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். உள்ளங்கையை இடது பெட்டி மேல் வைத்தார். நன்றாக இடித்தது. வலது பெட்டி மேல் வைத்தார். அதுவும் இடித்தது. அப்புறம் நடுவில், தான் சாய்கிற இடத்தில் வைத்தார். அங்கே ஒன்றுமே இல்லை. சும்மா ஒரு நடுக்கம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு ஊஃபரும் ஒரே நேரத்தில் முன்னால் தள்ள வேண்டும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால், நடுவில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

தப்பு யாருடையது தெரியுமா? என்னுடையது. கோடு இழுக்கும்போது இடது பக்கத்தில் ஸ்பீக்கருக்குப் போகிற பிளஸ்ஸும் மைனஸும் வலது பக்கத்துக்கு நேர்மாறாக இருந்தன. எனக்கு முன்னால் திறந்த மூன்று பேரில் எவனோ மாற்றிவிட்டான் என்று நினைத்து, அவனைத் திட்டிக்கொண்டே 'சரி' செய்திருந்தேன். ஆம்ப்ளிஃபயரைச் செய்த கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றேதான் இடது பக்கத்துக்கு உள்ளே பாட்டைத் தலைகீழாகக் கொடுத்து, வெளியே வருகிற இடத்தில் கம்பியை மாற்றி அதை நேராக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சில செட்களில் அப்படி உண்டு. ஒரே ஸ்பீக்கரை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்த எனக்கு அது பிடிபடவில்லை. அங்கேயே கழற்றி, இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்து, திரும்ப மாட்டினேன். ஈஸ்வரி சாய்ந்தார். இந்த முறை அவர் கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆனது. திறந்ததும் போனை எடுத்து எழுதிக் காட்டினார். "அப்ப ரெண்டும் சண்டை போட்டுச்சுக்கா, இப்ப ராசியாயிருச்சு."

மலையேற்றம்

செய்த வேலை சாலையில் எப்படி நிற்கிறது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் போடி போய் அந்த ஜீப்பில் நானும் ஏறிக்கொண்டேன். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி குலுங்குகிற குலுக்கலுக்கு நான் இழுத்த ஒரு கம்பி அசைந்தாலும் தெரிந்துவிடும். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கரகரப்பு இல்லை, ஒரு விக்கல் இல்லை. ஈஸ்வரி தன் இடத்தில் சாய்ந்து, பக்கத்தில் இருந்தவளின் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். அடி தப்பிய பெண்ணுக்குத் தலையில் ஒரு தட்டும் கிடைத்தது.

வெயில் மலை மேல் விழ ஆரம்பித்தபோது மாயக்கண்ணன் திரும்பிப் பார்க்காமலே, "இந்த ஆம்ப்பைச் செஞ்சது இந்த அக்காதான்" என்று கத்தினார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. என் எதிரில் இருந்த வயதான அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு முறை தட்டிக் கொடுத்தார். கழுத்தை நீட்டி, பாட்டை மிஞ்சுகிற குரலில் சொன்னார். "நீயா ஆத்தா செஞ்ச? மகராசியா இரு. அப்பிடியே சத்தத்தைக் குறைக்கிற திருகாணி எங்கன இருக்குன்னு இந்த மாயக்கண்ணனுக்குக் காட்டிக் குடுத்துட்டுப் போ."

வாரக்கணக்கில் தலை கவிழ்ந்து உட்கார்ந்து வரவழைத்த சத்தத்தை, கேட்ட மறு வாரமே குறைக்கச் சொல்கிறார்கள் என்றால், எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஒரு சர்ட்டிபிகேட் கிடையாது.